கடல் விலகிய காத்தோங்



தோட்டப்புறத்தில் வாழும் நம்மவர்களுக்குப் பயணம் என்றால் பெரும்பாலும் கோயில் திருவிழாவாகவோ, உறவினர் வீட்டுத் திருமணமாகவோதான் இருக்கும். ஓர் ஊரை அறிந்துகொள்வதற்காகவே நண்பர்கள் கூடிப் புறப்படுவது நம்மிடையே இன்னும் பழக்கமாகவில்லை. சென்ற பள்ளி விடுமுறையில், ஜொகூர் மாநிலத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு தோட்டப் பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் ஆறு பேர் அப்படி ஒரு பயணம் மேற்கொண்டோம். நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் சிங்கப்பூரின் கிழக்குக் கரையிலுள்ள காத்தோங். அங்கு கண்டதையும் கேட்டதையும், அவற்றால் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு என்ன பயன் என்பதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சிங்கப்பூரில் பார்க்க எத்தனையோ இடங்கள் இருக்கக் காத்தோங் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. காத்தோங் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த இடம். நம்முடையது ரப்பரும் செம்பனையும், அவர்களுடையது தென்னை. அந்தத் தோட்டம் இன்று இல்லை. அதன் ஓரமாக இருந்த கடலும் பழைய இடத்தில் இல்லை. ஒரு தோட்டம் மறைந்தால் அதன் பின் என்ன எஞ்சும்? இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. ஆகவேதான் அந்த ஊரைப் பார்க்கப் போனோம்.

முதலில் ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறோம். ஆளுக்கு மாதம் 50 வெள்ளி வீதம் பத்து மாதங்கள் சேர்த்தோம். ஒருவர் கணக்கு எழுதினார். இன்னொருவர் பணத்தை வைத்திருந்தார். எழுதுபவரும் வைத்திருப்பவரும் வேறு வேறாக இருந்தால் நட்பும் நிலைக்கும், பணமும் நிலைக்கும். கடப்பிதழ் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம். சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் வருகை அட்டையை அங்கு சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் கைப்பேசி வழியாகவே நிரப்பி அனுப்பிவிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கட்டணம் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

வயதானவர்களை அழைத்துச் செல்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் வெற்றிலைப் பையில் புகையிலை இருக்கும். மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டு செல்லக் கூடாது. 2016 முதல் அது தடை செய்யப்பட்ட பொருள். சிகரெட்டு ஒன்றே ஒன்று பையில் இருந்தாலும் சுங்கத்தில் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். இவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நிம்மதி.

எங்கள் தோட்டத்திலிருந்து வேன் ஒன்றில் ஜொகூர்பாரு சென்று, அங்கிருந்து பேருந்தில் பாலத்தைக் கடந்தோம். 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளம் உள்ளது. இரண்டு கரைகளிலும் சோதனைச் சாவடியில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். பயணச்சீட்டைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. குவீன் ஸ்திரீட் நிலையத்தில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அங்கே எளிய விடுதி ஒன்றில் தங்கினோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைத் தரிசித்தோம். தேக்கா சந்தையில் பசியாறினோம். எருமைச் சாலை என்று ஒரு தெருவுக்குப் பெயர். பக்கத்திலேயே கெர்பாவ் சாலை. மலாய் மொழியில் அதற்கும் எருமை என்றே பொருள். அந்த வட்டாரத்தில் மாடு வளர்ப்பு நடந்த காலத்தை இந்தப் பெயர்கள்தாம் இன்று நினைவூட்டுகின்றன. தெருப் பெயரைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஊரின் வரலாறு பாதி தெரிந்துவிடும்.

அன்று மாலை, அங்கிருந்து ரயிலில் எளிதாகச் சென்றடையக்கூடிய தாவரவியல் பூங்காவைப் பார்த்தோம். அதைப் பற்றி நம் நேயர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில கோலகங்சாருக்குப் போயின; மற்றவை இந்தப் பூங்காவில் நடப்பட்டன. 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி என்னும் தாவரவியலாளர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் கண்டார். விடியற்காலைப் பெரட்டு முடிந்து, தலையில் விளக்கோடு நிரையில் இறங்கிய நம் பெற்றோரின் கையிலிருந்த உளியின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2015-இல் யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. அந்த மதிப்பில், மங்கு மங்காகப் பால் சேர்த்த நம்மவர் உழைப்புக்கும் பங்கு உண்டு.

மறுநாள் காலை காத்தோங். முன்பெல்லாம் காத்தோங்கிற்குப் பேருந்தில்தான் போக வேண்டும். 2024 ஜூன் மாதத்தில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் அந்தப் பகுதி திறக்கப்பட்டது. தஞ்சோங் காத்தோங், மரீன் பரேட், காத்தோங் பார்க் என்று நிலையங்கள் நிலத்தடியில் அமைந்துள்ளன. லிட்டில் இந்தியாவில் ஏறி ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி, மரீன் பரேட்டில் இறங்கினோம். மேலே வந்து பார்த்தால் கடல் தெரியவில்லை. அடுக்குமாடி வீடுகள், கடைத்தொகுதிகள், பெரிய சாலை. எங்களோடு வந்த பாலர்பள்ளி ஆசிரியை, "ஏங்கக்கா, கடற்கரைன்னு சொல்லித்தானே கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று தலைமையாசிரியையைக் கேட்டார். "நீ நிற்கிறதே கடல்தாம்மா" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். அவர் சொன்னது உண்மை. அந்த வீடமைப்புப் பேட்டை நிற்கும் இடம் 1960-களின் நடுப்பகுதி வரை கடலாக இருந்தது.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் தென்னந்தோப்புக் காலத்துக்குப் போவோம்.

காத்தோங்கின் கரை மணற்பாங்கானது. மணலும் உப்புக் காற்றும் தென்னைக்கு ஏற்றவை. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கரை நெடுகத் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. சிங்கப்பூர்க் காவல் துறையின் முதல் ஆணையரான தாமஸ் டன்மன் அங்கே ஒரு பெரிய தென்னந்தோட்டத்தை வைத்திருந்தார். பின்னர், சீனாவிலிருந்து வந்து வணிகத்தில் உயர்ந்த சியூ ஜூ சியாட் என்பவர் அந்த வட்டாரத்தில் நிலங்களை வாங்கினார். அவருடைய தோட்டத்தின் நடுவே ஒரு மண்பாதை ஓடியது. 1917-இல் அதைச் சாலையாக்க அரசாங்கம் நிலம் கேட்டபோது அவர் விலை வாங்காமல் கொடுத்தார். அதுவே இன்றைய ஜூ சியாட் சாலை. அவர் 1926-இல் காலமானார். நகரத்து நெரிசலிலிருந்து விலகிக் கடல் காற்று வாங்க விரும்பிய செல்வர்கள் கரையோரம் மாளிகைகள் கட்டினார்கள். தோட்டங்கள் மனைகளாகப் பிரிந்தன. தென்னை போய் வீடுகள் வந்தன.

தோட்ட முதலாளியின் பெயர் சாலைக்கு வந்துவிட்டது. டன்மனுக்கும் ஒரு சாலை இருக்கிறது. அங்கே தேங்காய் பறித்தவர்கள், மட்டை உரித்தவர்கள், கொப்பரை காயவைத்தவர்கள் பெயர்களை எந்தப் பலகையிலும் நாங்கள் காணவில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. ஒரு பாடமாகச் சொல்கிறோம். எழுதி வைத்தவருடைய பெயர் நிற்கிறது. எழுதி வைக்காதவருடைய பெயர் போய்விடுகிறது.

ஆனால் சாதாரண மக்கள் சேர்ந்து செய்த காரியம் நிற்கும் என்பதற்கும் காத்தோங்கிலேயே சான்று உண்டு. அது சிலோன் சாலையிலுள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம். 1850-களில் ஒரு குளக்கரையில் விநாயகர் சிலை ஒன்று கிடைத்ததாகவும், எதிர்நாயகம் பிள்ளை என்னும் இலங்கைத் தமிழர் செண்பக மரத்தடியில் ஓலைக்கொட்டகை ஒன்று அமைத்து வழிபாட்டைத் தொடங்கியதாகவும் ஆலய வரலாறு கூறுகிறது. மரத்தின் பெயரே சுவாமியின் பெயராயிற்று. பிற்காலத்தில் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் ஆலயப் பொறுப்பை ஏற்றது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சில் ஆலயம் சேதமடைந்தது. மறுபடி கட்டினார்கள், 1955-இல் குடமுழுக்கு நடந்தது. இன்று உயர்ந்த இராசகோபுரமும், விநாயகரின் 32 வடிவங்களைச் செதுக்கிய கருங்கல் தூண்களும் உள்ளன. அந்தத் தூண்களைச் சுற்றி வந்து ஒவ்வொரு வடிவமாக எண்ணிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி.

இலங்கைத் தமிழர் என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கிராணி நினைவுக்கு வருவார். அன்று அலுவலகத்தில் இருந்தவருக்கும் லயத்தில் இருந்தவருக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. மொழி ஒன்றாக இருந்தும் வாழ்க்கை இரண்டாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் செய்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் சங்கம் அமைத்தார்கள், கூட்டக் குறிப்பு எழுதினார்கள், கணக்கு வைத்தார்கள். ஓலைக்கொட்டகை கோபுரமாக வளர்ந்ததற்குப் பக்தி மட்டும் காரணமன்று. அந்தக் குறிப்பேடுகளும் காரணம்.

ஆலயத்தில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தோம். நாங்கள் ஜொகூர்த் தோட்டத்து ஆசிரியர்கள் என்று அறிந்ததும் பக்கத்தில் அமரச் சொன்னார். "பாட்டி, இங்கே கடல் எங்கே இருந்தது?" என்று கேட்டோம். "சின்னப் பிள்ளையிலே அம்மாவோட கோயிலுக்கு வந்திட்டு, அப்பிடியே கடற்கரைக்கு நடந்து போவம், பிள்ளைகள். கரையிலே இருந்த பெரிய வீடுகளுக்கெல்லாம் தண்ணியிலே இறங்கப் படிக்கட்டு இருந்தது. இப்ப எனக்கும் வயசு போச்சு, கடலும் தள்ளிப் போட்டுது" என்றார். வருத்தமா என்று கேட்டோம். "வருத்தமில்லை. என்ர பேரப்பிள்ளை அந்தக் கடல் மேலே கட்டின வீட்டிலேதான் இருக்கிறான்" என்றார். ஊர் மாறுவதை அவர் எவ்வளவு நிதானமாக ஏற்றுக்கொண்டிருந்தார்!

கோயிலிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் சாலைக்கும் ஜூ சியாட் சாலைக்கும் நடந்தோம். இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு. முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க அஞ்சடி. சுவர்களில் பூ வேலை, பறவை வேலை. தரையிலும் சுவரிலும் வண்ண ஓடுகள். கூன் செங் சாலையில் வரிசையாக நிற்கும் வீடுகள் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று கண்ணைக் கவர்கின்றன. இவை பெரும்பாலும் பெரானாக்கான் மக்களின் வாழ்க்கை முறையைக் காட்டுபவை. வணிகத்துக்கு வந்த வெளிநாட்டவர் இந்த மண்ணின் பெண்களை மணந்து தழைத்த குடும்பங்களே பெரானாக்கான் எனப்படுகின்றன. சீன வழியில் வந்தவர்களைப் பாபா - நோன்யா என்கிறோம். தமிழ் வணிகர் வழியில் வந்தவர்களும் உண்டு. அவர்கள்தாம் மலாக்காச் செட்டிகள். அவர்கள் பேசுவது மலாய், கும்பிடுவது நம் தெய்வங்களை.

1990-களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் அரசாங்கம் இந்த வட்டாரத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அதற்குப் பின் அங்குள்ள பழைய கட்டடங்களை நினைத்தபடி இடித்துவிட முடியாது. 2011-இல் ஜூ சியாட் மரபுடைமை நகரம் என்று சிறப்பிக்கப்பட்டது. இடமில்லாத சின்னஞ்சிறு தீவு. ஒவ்வோர் அடி நிலமும் விலை மிகுந்தது. அங்கேயே பழமைக்கு இடம் ஒதுக்க முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

பகலுணவுக்குக் காத்தோங் லக்சா சாப்பிட்டோம். தேங்காய்ப் பாலில் மிளகாயும் இறாலும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பில் அரிசி மாவு மீ போட்டுத் தருவது லக்சா. காத்தோங் முறையில் மீயைச் சின்னதாக நறுக்கிவிடுகிறார்கள். கரண்டி ஒன்றே போதும். மீன் பிண்டமும் சிப்பியும் அதில் சேரும் என்பதால் சைவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். எங்களில் இருவர் சைவம். அவர்கள் தேங்காயும் கூலா மலாக்காவும் சேர்ந்த நோன்யாப் பலகாரம் வாங்கிக்கொண்டார்கள். எது வாங்கினாலும் அதில் தேங்காய். தோப்பு போனாலும் தேங்காய் அந்த ஊரின் நாக்கை விட்டுப் போகவில்லை.

இனிக் கடலுக்கு வருவோம். கடலை எப்படி நிலமாக்குகிறார்கள்?

சிங்கப்பூரின் கிழக்குக் கரையை மீட்கும் பெருந்திட்டம் 1966-இல் தொடங்கியது. ஏழு கட்டங்களாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த வேலை. மொத்தம் 1,525 ஹெக்டர், அதாவது சுமார் 3,770 ஏக்கர் நிலம் கடலிலிருந்து எடுக்கப்பட்டது. நம் தோட்டக் கணக்கில் சொன்னால், நல்ல பெரிய தோட்டம் ஒன்றின் பரப்பு. மண்ணுக்கு எங்கே போவது? சிக்லாப், பிடோக் பகுதிகளில் மேடுகளும் குன்றுகளும் இருந்தன. ராட்சதச் சக்கர இயந்திரங்கள் அவற்றை வெட்டின. வெட்டிய மண்ணை ஓடும் வார்ப்பட்டைகள் இரவு பகலாகக் கரைக்குக் கொண்டுவந்தன. கரையிலிருந்து கடலை நோக்கி மண்ணைப் பரப்பிக்கொண்டே போனார்கள். குன்று தாழ்ந்தது, கடல் விலகியது.

கடலில் போட்ட மண்ணை அலை அடித்துக்கொண்டு போகாதா? இங்கேதான் அறிவியல் இருக்கிறது. கரையிலிருந்து சற்றுத் தள்ளி இடைவெளிவிட்டுக் கல் அணைகள் அமைத்தார்கள். அலை கல்லில் மோதி வலுவிழக்கிறது. இரண்டு அணைகளுக்கு நடுவே புகும் அலை வளைந்து பரவுகிறது. அதனால் மணல் பிறை வடிவத்தில் தங்குகிறது. இதைப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே காட்டலாம். மழை பெய்யும்போது லயத்து முன் வடிகாலில் இரண்டு கல்லை வையுங்கள். கல்லுக்குப் பின்னால் மண் வளைவாகப் படியும். ஈஸ்ட் கோஸ்ட் கரையின் வளைவுகளும் அப்படிப்பட்டவையே.

புதிய நிலத்தில் 1970-களின் நடுவில் மரீன் பரேட் வீடமைப்புப் பேட்டை எழுந்தது. 1981-இல் நகரத்தையும் சாங்கி விமான நிலையத்தையும் இணைக்கும் விரைவுச்சாலை அந்த நிலத்தின் வழியே முடிக்கப்பட்டது. சாலைக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்கா அமைத்தார்கள். குடும்பங்கள் மிதிவண்டி ஓட்டுகின்றன, மீன் சுடுகின்றன, நிழலில் படுத்திருக்கின்றன. கட்டணம் இல்லை. கூலித் தொழிலாளியும் கோடீசுவரரும் ஒரே மணலில் அமரலாம். முன்பு கரையோர மாளிகைக்காரர்களின் வாசலில் இருந்த கடல், இன்று எல்லாருக்கும் பொதுவாகியிருக்கிறது.

எல்லாமே ஆதாயந்தானா? அப்படிச் சொல்ல முடியாது. கரையோரக் கம்பங்களில் வாழ்ந்த மீனவர்கள் இடம்பெயர்ந்தார்கள். படகு கட்டிய இடம் தரையாயிற்று. காத்தோங் பூங்கா 1930-களில் கடலோரப் பூங்காவாக இருந்தது. இன்று அதைச் சுற்றிலும் தரை. அந்தப் பூங்காவுக்கு அடியில் ஒரு கோட்டை புதைந்திருக்கிறது. 1879-இல் துறைமுகத்தைக் காக்கக் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டை அது. இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் இருந்து கைவிடப்பட்டது. மண் மூடிய அதை ஊர் மக்கள் 2001-இல் கவனித்தார்கள்; 2004-இல் அகழாய்வு தொடங்கியது. கல்லால் கட்டிய கோட்டையையே நூறு ஆண்டுகளில் ஊர் மறந்துவிடுமானால், பலகையால் கட்டிய லயத்தை மறக்க எத்தனை நாளாகும்?

பிற்பகல் வெயில் தாழ்ந்தபின் கடலோரம் அமர்ந்தோம். நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஆற்றில் நீந்தியிருப்பார்கள், கடல் வேறு. கல் அணைகளில் பாசி வழுக்கும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் தண்ணீர் ஓரத்திலேயே நிற்க வேண்டும். தலையை எண்ணாமல் ஓர் இடத்தை விட்டு நகரக் கூடாது.

கடல் விலகிய ஊரில் இப்பொழுது கடல் திரும்பி வருமோ என்ற கவலை இருக்கிறது. உலகம் வெப்பமடைவதால் கடல்மட்டம் உயர்கிறது. இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் ஒரு மீட்டரளவு உயரக்கூடும் என்று கணிக்கிறார்கள். கிழக்குக் கரை தாழ்வானது. ஆகவே அந்தக் கரைக்கு வெளியே மேலும் சுமார் 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு, அதையே கடலுக்குத் தடுப்பாகவும் நன்னீர்த் தேக்கமாகவும் ஆக்கும் 'லாங் ஐலண்ட்' திட்டத்தை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு அப்பால் வரப்போவதற்கு இன்றே கணக்குப் போடுகிறார்கள். நாம் அடுத்த தீபாவளிக்கு அப்பால் கணக்குப் போடுகிறோமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

நேயர்களே, இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். 1950-களில் மலாயாவில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்பொழுது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு வாங்கச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பால் வெட்டியவர்களின் பத்து வெள்ளி ஒரு தோட்டத்தையே வாங்கியது என்பது கதையன்று, வரலாறு.

துண்டாடல் காலம் முடிந்தாலும் விற்பனை முடியவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. நாற்பது குடும்பங்கள் வெளியேறின. இழப்பீடு பெறப் போனபோது, பலரிடம் எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லை. சம்பளச் சீட்டை அடுப்பு மூட்டப் பயன்படுத்தியிருந்தார்கள். முப்பது ஆண்டு உழைப்பு அடுப்பில் சாம்பலாயிற்று. கோயிலுக்கு யார் பேரில் இடம் என்பதற்கும் எழுத்து இல்லை.

ஆகவே இன்றே செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, வீட்டுத் தாள்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல், வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை இவற்றை ஒரு தகரப் பெட்டியில் வையுங்கள். மலேசியாவில் 1980-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆட்குறைப்பில் வேலை இழப்பவர் ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால் நட்டஈடு பெறலாம். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவையானால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம்; இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள்; ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். தோட்டம் கைமாறி, புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தந்தால் கணக்கு வேறு. சந்தேகம் வந்தால் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேளுங்கள். சேவைக் காலத்துக்குச் சாட்சி உங்கள் தாள்.

இரண்டாவது, தோட்டத்துக் குறிப்பேடு. காத்தோங்கில் தேங்காய் உரித்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. நம் தோட்டத்தில் முதல் நிரை வெட்டியவர் யார், ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, கோயிலில் முதல் திருவிழா எப்போது, பள்ளிக்கூடம் எந்த ஆண்டு தொடங்கியது, இவற்றைப் பாட்டன் பாட்டியிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். கைப்பேசியில் குரலைப் பதியட்டும். லயத்தையும் கோயிலையும் படம் எடுத்துத் தேதி போட்டு வைக்கட்டும்.

மூன்றாவது, கூட்டுச் சேமிப்பு. பயணத்துக்கு மாதம் 50 வெள்ளி எங்களால் சேர்க்க முடிந்தது. உங்களால் பத்து வெள்ளிதான் முடியும் என்றால் பத்தே போதும்; சம்பந்தன் கேட்டதும் அதுதான். கணக்கு மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். முதல் சேமிப்பில் பிள்ளைகளை ஒரு கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த சேமிப்பு ஒரு வீட்டு மனைக்கு முன்பணமாகட்டும்.

பயணம் முடிந்து பள்ளி திறந்தபின், நாங்கள் கொண்டுவந்த படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், அந்தக் கடலுக்குத் தான் நகர்ந்து போனது தெரியுமா?" என்று கேட்டாள். கடலுக்குத் தெரியாது, நமக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னோம். அன்றைக்கே ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தோட்டத்துக் குறிப்பேட்டைத் தொடங்கிவிட்டார்கள். முதல் பக்கத்தில் இதுவரை பதினேழு பெயர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் தொடங்கட்டும்.